தொடைக்கு அடியில் ஒரு ஜன்னல்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று முதல் காலுக்கு அடியில் பந்து போடப் பழகுகிறேன். எழுதி வைத்தால் பாதியில் விட மாட்டேன் என்பதற்காக இந்த டைரி. கப்பல் கம்பெனி ஒன்று எங்கள் ஆபீசில் ஆளுக்கு ஒன்று கொடுத்தது. மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் நானே கிறுக்குகிறேன்.

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் சபையில் சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பாட்டு, கதை, பொம்மலாட்டம், கடைசியில் என் பந்து வித்தை. மூன்று பந்தை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். போன வருஷம் முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டே, “அங்கிள், இது பாத்ததுதான்” என்றது. தூத்துக்குடியில் எனக்கு இருந்த ஒரே புகழும் அன்றோடு போயிற்று.

முறை இதுதான். வலது காலை மடக்கித் தூக்க வேண்டும். வலது கை வெளிப்பக்கமாகத் தொடைக்கு அடியில் போய்ப் பந்தை உள்பக்கம் மேலே விட வேண்டும். பந்து இடது கைக்கு வருவதற்குள் கால் தரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. முதல் பந்து தாடையில் அடித்தது, இரண்டாவது பக்கத்து வீட்டுத் துளசிச் செடியில் விழுந்தது.

காலையில் எழுந்து பியூலாவுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு ஆறு மணிக்கு முற்றத்துக்கு வருகிறேன். அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பதினைந்து மாதம் ஆகிறது. அதற்கு முன் அறிவியல் டீச்சர். சபையில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது. அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்து நரம்பு நசுங்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். கர்த்தருடைய கிருபை.

பிப்ரவரி 12, வியாழன்

பந்து இன்னும் முன்பக்கமாகவே ஓடுகிறது. மூன்று தடவை ஒழுங்காக வந்தது. மூன்றாவது தடவை ஜன்னல் பக்கம் திரும்பி, “பாத்தியா பியூலா?” என்று கேட்டேன். “ம்” என்றாள். உள்ளே டியூப்லைட் எரிந்தது, அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். பார்த்தாளா என்று தெரியவில்லை.

நேற்று ஜெபக் கூட்டத்தில் பாஸ்டர் என்னைக் காட்டி, “புருஷன்னா பிரதர் ஆமோஸ் மாதிரி இருக்கணும்” என்று சொன்னார். பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூச்சமாக இருந்தது. பியூலாவிடம் வந்து சொன்னேன். அதற்கும் “ம்” என்றாள்.

பிசியோதெரபி தம்பி சுதனை நவம்பரில் நிறுத்திவிட்டேன். “அக்கா நடந்துருவாங்க சார்” என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் போனபின் அவள் அழுவாள். வீணாக ஆசை காட்டக் கூடாது. நான் செய்தது சரிதான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

என் தப்பு என்னவென்று எனக்கே தெரியவில்லை. காலைத் தூக்குகிறேனா, இல்லை முதுகை வளைக்கிறேனா? இணையத்தில் பந்து வித்தைக்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொல்கிறார்கள்: உன்னை நீயே படம் பிடி. நாளை போனைக் காம்பவுண்டுச் சுவரில் செங்கலுக்கு முட்டுக் கொடுத்து வைக்கப் போகிறேன். நான் தெருவைப் பார்த்து நிற்பேன், போன் என்னைப் பார்க்கும்.

பிப்ரவரி 18, புதன்

ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் படத்தைப் பார்த்தேன். தயிர்சாதத்தை ஒரு கையில் பிசைந்துகொண்டு மறு கையால் ஓட்டினேன். முதுகு வளைவதுதான் கோளாறு என்று உடனே தெரிந்துவிட்டது. பதினோராவது தடவை மட்டும் கால் நன்றாக உயர்ந்திருந்தது. அந்த இடத்தில் நிறுத்தினேன்.

தூக்கிய தொடைக்கு அடியில் எங்கள் படுக்கையறை ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் ஒரு ஆள் நின்றது. கனியக்கா என்று நினைத்தேன், பகலில் பியூலாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவள். ஆனால் கனியக்கா எட்டு மணிக்குத்தான் வருவாள். பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை நைட்டி. அந்த நைட்டியை ராத்திரி நான்தான் மாட்டிவிட்டேன்.

பியூலா நின்றுகொண்டிருக்கிறாள்.

நான்கு தடவை பார்த்தேன். கையில் சாதம் காய்ந்துவிட்டது. மேனேஜர், “என்ன ஆமோஸ், பேயடிச்ச மாதிரி இருக்கீங்க” என்று கேட்டார். பல்வலி என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். “பாத்ரூமுக்குக் கொஞ்சம் தூக்கி விடுதியளா?” என்று கேட்டாள். தூக்கினேன். என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, எப்போதும் போல முழுப் பாரத்தையும் என்மேல் போட்டாள். நான் பாதி வழியில் நின்றுவிட்டேன். “என்ன, முடியலையா?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றேன்.

பிப்ரவரி 19, வியாழன்

பயிற்சி இல்லை. தலைவலி.

பிப்ரவரி 20, வெள்ளி

மறுபடியும் போனை வைத்தேன். காலைப் பார்ப்பதற்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தாள். கம்பியை விட்டாள். நான்கு அடி நடந்து பீரோவைப் பிடித்தாள். திரும்பி நான்கு அடி. ஜன்னல் திண்டில் அவளுடைய போன் சாய்ந்திருக்கிறது. அதில் ஒரு முகம், யார் என்று தெரியவில்லை. பெரிதாக்கினால் சுதன். நான் நிறுத்திய தம்பி போனில் இருந்துகொண்டு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுக்கிறான்.

நாலு அடியும் நான் பந்தைத் தொடைக்கு அடியில் விடும் இடைவெளியில்தான் தெரிகிறது. கால் கீழே வந்ததும் என் முழங்கால் அவளை மறைத்துவிடுகிறது.

பிப்ரவரி 23, திங்கள்

சோதித்துப் பார்த்தேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. “பியூலா, ஒரு தடவ நின்னு பாக்கியா? நான் பிடிச்சுக்கிடுதேன்” என்றேன். என் கண்ணைப் பார்த்து, “வேண்டாம், விழுந்துருவேன்” என்றாள்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒருவேளை பார்த்திருப்பேன், அது பொய் என்று எனக்குத் தெரிந்திருக்காது. இனி எதை நம்புவது?

கல்யாண நாள் ஏப்ரல் 27. அன்றைக்குத் திடீரென்று நடந்து காட்டி என்னை ஆச்சரியப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 3, செவ்வாய்

ஒன்று கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

பந்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் உள்ளங்கையில் தப் தப் என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை அவள் நடக்கிறாள். பந்து கீழே விழுந்ததும் விருட்டென்று நாற்காலிக்குப் போய்விடுகிறாள். பந்தை எடுக்கக் குனிந்தால் நான் ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பேன் என்று பயம். ஒரு தடவை நாற்காலிக்கு எட்டவில்லை, கட்டில் விளிம்பில் போய் இடித்துக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டது நன்றாகத் தெரிகிறது.

நேற்று நான் பந்தை இருபத்தாறு தடவை கீழே போட்டேன். இருபத்தாறு தடவையும் அவள் நடப்பதை நிறுத்தியிருக்கிறாள். என்னைப் பார்த்து என் பெண்டாட்டி இவ்வளவு பயப்படுகிறாளா? நான் அவள்மேல் ஒரு நாள் கூடக் கை நீட்டியதில்லை. சத்தம் போட்டதில்லை.

இனிமேல் பந்து விழக் கூடாது.

மார்ச் 15, ஞாயிறு

பியூலாவின் அண்ணன் எட்வின் திருநெல்வேலியிலிருந்து வந்தார். நெய்மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டார், ஒரு வார்த்தை பாராட்டவில்லை. கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மாப்ள, அந்த நாய்க்கு என்ன ஆச்சு?”

பதினாறு மாதத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. கர்த்தர் எங்களைக் காப்பாற்றிய விதத்தைச் சபையில் நான் மூன்று தடவை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் பியூலாவுக்காக அழுதார்கள், எனக்காக அழுதார்கள். நாயைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

“ஓடிப் போச்சு மச்சான்” என்றேன்.

“அடி படலையோ?”

“தெரியல.”

“ம்” என்றார். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே ம். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, “ஜூன்ல எங்க வீட்டுப் பக்கத்து ஸ்கூல்ல சேரச் சொல்லிட்டாவ, சொன்னாளா?” என்று கேட்டார். நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, “சரி, அவளே சொல்லுவா” என்று போய்விட்டார்.

திருநெல்வேலியில் ஸ்கூல். கல்யாண நாளுக்கான ஆச்சரியம் இல்லை, இது வேறு. அவள் நடக்கப் பழகுவது என்னிடம் வருவதற்கு இல்லை, போவதற்கு.

மார்ச் 28, சனி

அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

எறிவது கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பயிற்சி நேரத்தைக் கூட்டிவிட்டேன், ஐந்தே காலிலிருந்து ஆறே முக்கால் வரை. “எதுக்கு இவ்வளவு நேரம்?” என்று கேட்டாள். “பிடிக்கிறது கஷ்டமா இருக்கு” என்றேன். பொய் இல்லை. மேலிருந்து விழும் பந்தைத் தொடைக்கு அடியில் கையை வைத்துப் பிடிப்பது எறிவதைவிட மோசம். ஆனால் ஒன்றரை மணி நேரமும் அதைச் செய்வதில்லை. பந்து விழுந்துவிடும் என்பதால் முக்கால்வாசி நேரம் சும்மா சாதாரணமாகத்தான் போடுகிறேன், தப் தப் சத்தம் நிற்காமல். தோள்பட்டை விட்டுப்போகிறது. அவள் இப்போது பீரோவரை பிடிக்காமல் போய் வருகிறாள். ஒரு காலையில் எழுபது தடவை.

பிடிப்பதில் என் குறை என்ன என்று படத்தில் தெரிந்தது. கை தொடைக்கு அடியில் காத்திருக்க வேண்டும், பந்து தானாக வந்து விழ வேண்டும். என் கை காத்திருப்பதில்லை. எது விழுந்தாலும் பாய்ந்து பிடிக்கிறது. டம்ளர் விழுந்தால், சாவி விழுந்தால், எதுவானாலும். ஸ்கூட்டரில்

இதை இதோடு நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

ஆராதனை முடிந்து பாஸ்டர் என் தோளில் கைபோட்டார். “பிரதர், இந்தத் தடவ வேதாகமப் பள்ளி நிறைவு விழாவுல பெரியவங்களையும் கூப்பிடுறோம். உங்க பந்து முடிஞ்சதும் அப்படியே மேடையில நின்னு உங்க சாட்சியைச் சொல்லிருங்க. சிஸ்டரும் முன்னால இருக்கட்டும். ஜனங்க ரொம்பத் தொடப்படுவாங்க.” சரி என்று சொல்லிவிட்டேன். வழக்கமாக அப்படித்தான் சொல்வேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பியூலாவிடம் சாட்சி விஷயத்தைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“இந்தத் தடவ நாய் என்ன கலரு?”

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

“மொதல்ல கருப்புன்னு சொன்னிய. கிறிஸ்மஸ்ல செவலைன்னு சொன்னிய. போன வருஷம் ஈஸ்டர்ல வெறும் நாய். அதான் கேக்கேன்.”

“உனக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே?”

“அப்படின்னு நீங்கதான் டாக்டர்கிட்ட சொன்னிய. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரில நான் கண்ண முழிச்சதும் நீங்க என் காதுல சொன்னது ‘நாய் குறுக்க வந்துட்டு’. எப்படி இருக்கன்னு கேக்கல.”

கீரைத் தட்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு எழுந்து நின்றாள். என் முன்னால், ஒன்றரை அடி தூரத்தில், எதையும் பிடிக்காமல். படத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் நான் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

“நீங்க படம் புடிச்சது எனக்குத் தெரியும். பந்து விழாம ஒரு மணி நேரம் போட்டியள்லா, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு” என்றாள். “அது எனக்காகத்தான் போட்டிய. அதுவும் தெரியும்.”

“பெறவு ஏன் மறைச்ச?”

“நான் நடந்தா அதையும் சாட்சி சொல்லுவிய.”

ஏப்ரல் 8, புதன்

ஆபீசுக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாய் எதுவும் வரவில்லை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மூன்று மாதுளம்பழம் எடுத்திருந்தோம். பியூலா காகிதப் பையில் மடியில் வைத்திருந்தாள். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் பை கிழிந்தது. ஒரு பழம் என் இடது தொடைப் பக்கமாக வழுக்கி விழுந்தது. நான் காலைத் தூக்கி, தொடைக்கு அடியில் கையைக் கொடுத்துப் பிடித்துவிட்டேன். அருமையான பிடி, யாராலும் முடியாது. அதை அவளுக்குக் காட்டத் திரும்பினேன். “பாத்தியா?” என்று கேட்டேன். பிறகு பாலத்துச் சுவர்.

நான் எழுந்து பார்த்தபோது பழம் கையிலேயே இருந்தது. அவள் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். ஆட்கள் ஓடி வருவதற்குள் பழத்தை ஓடையில் எறிந்தேன். அதைச் செய்துவிட்டுத்தான் அவளிடம் போனேன்.

அவள் கண் திறந்திருந்தது. அதையும் பார்த்திருக்கிறாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஆபீஸ் விடுமுறை. வீட்டில் பியூலா இப்போது என் முன்னால் நடக்கிறாள், கனியக்கா இருக்கும்போது மட்டும் நாற்காலி. காலையில் அவளைத் தூக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறையைக் கழுவினேன்.

மன்னிப்புக் கேட்டேன். காலில் விழக்கூடப் பார்த்தேன், தள்ளிப் போய்விட்டாள்.

“என்கிட்ட சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே” என்றாள். “நாயை எங்க சொன்னியளோ அங்க சொல்லுங்க. அதே மைக்ல, அதே ஆளுககிட்ட. ஒண்ணரை வருஷமா எல்லாரும் என் கையப் புடிச்சு, இப்படிப்பட்ட புருஷன் கெடைக்க நீ குடுத்து வச்சவன்னு சொல்லுதாவ. நான் தலையத் தலைய ஆட்டுதேன். இனி ஆட்ட முடியாது.”

“சொல்லிட்டா திருநெல்வேலிக்குப் போக மாட்டியா?”

வெகு நேரம் யோசித்தாள். “போக மாட்டேன்” என்றாள். “ஆனா நீங்க சொல்லி முடிக்கற வரைக்கும் நாற்காலியிலதான் இருப்பேன். அதுக்கு முன்னாடி எந்திரிச்சா அது அற்புதமாயிரும்.”

ஏப்ரல் 27, திங்கள்

கல்யாண நாள். பாயசம் வைத்தேன். சொல்ல வேண்டியதை எழுதி அவளிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் திருத்தினாள், டீச்சர் அல்லவா. “விபத்து நடந்துவிட்டது” என்பதை அடித்துவிட்டு “நான் விபத்தை உண்டாக்கினேன்” என்று போட்டாள். பதினெட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு அழுகை வந்தது, பாயசம் சூடு என்று சொல்லிக்கொண்டேன்.

மே 8, வெள்ளி

தொடைக்கு அடியில் பிடிப்பது இன்று தொடர்ந்து ஐந்து தடவை வந்தது. கையைக் காத்திருக்க வைத்தேன். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

மே 10, ஞாயிறு

இதை எப்படி எழுத.

மண்டபத்தில் முந்நூறு பேர். பியூலா முன் வரிசையில் நாற்காலியில். எட்வின் வந்திருந்தார், வாசலில் கார். பந்து நன்றாக வந்தது. எறிந்தேன், பிடித்தேன், ஒன்று கூட விழவில்லை. போன வருஷம் கொட்டாவி விட்ட குழந்தை எழுந்து நின்று கை தட்டியது. பாஸ்டர் மைக்கைக் கொடுத்தார்.

எழுதிய தாள் சட்டைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை. மனப்பாடமாக இருந்தது. “பதினெட்டு மாசத்துக்கு முன்னால, அறுப்பின் பண்டிகை முடிஞ்சு நானும் என் மனைவியும் ஸ்கூட்டர்ல வந்துகிட்டு இருந்தோம்” என்று தொடங்கினேன். எல்லாரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கதை தெரியும், அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். பெண்கள் பக்கம் கைக்குட்டை எடுத்தாகிவிட்டது. நான் அந்த முகங்களைப் பார்த்தேன்.

“அப்போ ஒரு நாய் குறுக்க வந்துச்சு” என்றேன்.

கர்த்தர் அறிய, அதைச் சொல்ல நினைக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பியூலா என்னைப் பார்த்தாள். கோபம் கூட இல்லை. நாற்காலியின் பிடியில் இரண்டு கையையும் ஊன்றினாள், எழுந்தாள். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நடுவழியில் நடந்தாள், வாசலைப் பார்த்து. வலது கால் கொஞ்சம் இழுத்தது.

பிறகு யாரோ வீறிட்டார்கள். பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி “அல்லேலூயா” என்றார். மண்டபம் முழுக்க அல்லேலூயா. கீபோர்டு தம்பி பாட்டைத் தொடங்கிவிட்டான். ஜனங்கள் அழுதுகொண்டே அவளுக்கு வழி விட்டார்கள், சேலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. “நாய் வரல. நாய் ஒண்ணும் வரல” என்று மைக்கில் கத்தினேன். பாஸ்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார், மைக் அவருடைய கோட்டில் புதைந்திருந்தது. வெளியே கார் கிளம்பியது பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. நாற்காலி மட்டும் முன் வரிசையில் நின்றது. அதைத் தொட்டு ஜெபம்பண்ண வரிசை நின்றார்கள்.

மே 11, திங்கள்

காலையிலிருந்து ஆட்கள். அற்புதத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். “அண்ணன் வீட்டுக்கு ஓய்வுக்குப் போயிருக்கா” என்றேன். அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்தேன். பிற்பகல் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன்.

மே 13, புதன்

பாஸ்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாதுளம்பழம், பாலம், ஓடை, ஜன்னல், ஒன்றும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார்.

“நாயோ ஆடோ, இப்ப அது முக்கியமா பிரதர்? சிஸ்டர் நடந்துட்டாங்கள்ல. இதைப் போய்ச் சபையில கிளப்பி ஜனங்களோட விசுவாசத்தைக் கெடுத்துராதீங்க. ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திர சாட்சி மட்டும் சொல்லுங்க.”

சாயங்காலம் பியூலாவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள்.

“பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

“மைக்லயா?”

“இல்ல, அவர் ரூம்ல.”

பின்னால் எட்வின் வீட்டு மிக்சி ஓடியது.

“மைக்ல சொன்னா வந்துருவேன்னு நெனச்சுச் சொல்லாதீங்க” என்றாள். “அது முடிஞ்சுபோச்சு. நான் ஜூன் மூணாந்தேதி வேலையில சேருதேன்.” பிறகு, “மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்துல காஸ் புக் இருக்கு, தேடாதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மே 17, ஞாயிறு

அற்புதத்துக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனை. என் முறை வந்ததும் போனேன். இந்தத் தடவை தாளைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய சிவப்பு மையிலிருந்து தொடங்கினேன். “நான் விபத்தை உண்டாக்கினேன்.”

முழுவதையும் வாசித்தேன். அவள் கண் திறந்திருந்ததைச் சொன்னேன். அவள் மூன்று மாதம் தானே பழகி நடந்தாள், அன்றைக்கு எழுந்தது என் பொய் தாங்காமல் என்றும் சொன்னேன். பாஸ்டர் கீபோர்டு தம்பிக்குச் சைகை காட்டினார். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், வாசிக்கவில்லை. நடுவில் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். முடித்தபோது ஒரு ஆமென் கூட வரவில்லை.

நான் இறங்கவும் தெரியாமல் நின்றேன். பின் வரிசையிலிருந்து கனியக்கா எழுந்தாள். அவள் சபையில் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

“அப்போ டீச்சர் இனி வர மாட்டாவளா?” என்று கேட்டாள்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாரமாக வீட்டுக்கு வந்த யாரும் இதைக் கேட்கவில்லை. அண்ணன் வீடு, ஓய்வு, எல்லாம் வாய் வரைக்கும் வந்தது.

“வர மாட்டா” என்றேன். மைக் கையிலேயே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.